ஐம்பத்தொன்பதும் ஆறும்

போன வாரம் மகேஷ் போன் செய்தார். தேர்வெழுதி நேரடியாக வட்டாரக் கல்வி அலுவலர் ஆனவர். நான் ஓய்வுபெறுவதற்கு முந்தைய ஆண்டு என் அலுவலகத்தில் ஒரு மாதம் பயிற்சிக்கு இருந்தார். அதன் பிறகும் அவ்வப்போது அழைப்பார், விதி கேட்க. மகப்பேறு விடுப்பா, பிறந்த தேதித் திருத்தமா, எதுவானாலும் அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் பதிலைச் சொல்லிவிடுவேன். என் மனைவி இதை ஒரு நோய் என்பாள்.

"சார், ஒரு சின்னப் பள்ளிக்கூடம். அறுபத்து மூணு பிள்ளைக, மூணு டீச்சர். இந்த வாரம் நாலு பேரு டி.சி. கேட்டிருக்காவ. ஒண்ணாந் தேதி எண்ணிக்கைல மூணாவது போஸ்ட் போயிரும்லா? நான் எதுவும் செய்ய வேண்டாம்லா?"

"நாளைக்குச் சொல்லுதேன்" என்றேன்.

"சார், உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டார்.

உடம்புக்கு ஒன்றும் இல்லை. அவர் கேட்டதற்கு ஒரு வார்த்தையில் பதில் இருக்கிறது. அந்தப் பதிலை ஒரு முறை நான் சொல்லி என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது பதிலாகாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பணிக்காலத்தின் முதல் பாதியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்தேன், பதினேழு வருடம் கரும்பலகை முன்னால் நின்றேன், பதவி உயர்வு வந்தது, வட்டாரக் கல்வி அலுவலர் நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்தில் ஒரு பழைய கண்காணிப்பாளர் இருந்தார். கோப்பில் நாம் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் அடியில் ஓர் அரசாணை படுத்திருக்க வேண்டும் என்பார். நான் அரசாணைகளைத் தேடித் தேடிப் படித்தேன். மற்றவர்கள் கோவிலுக்குப் போகும் நேரத்தில் நான் திருத்த ஆணைகளைத் தேதி வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். சில வருடங்களில் சுற்று வட்டாரத்து அலுவலர்களே என்னிடம் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்கள் என்ற நிலை வந்தது. அதில் எனக்கு இருந்த பெருமையை இப்போது மறைத்துப் பயனில்லை. பின்னால் நடந்ததெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

வெளி ஆட்களுக்காக ஒரு சிறு விளக்கம். தொடக்கப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்பதை ஆகஸ்ட் முதல் தேதியன்று பதிவில் உள்ள பிள்ளைகளின் எண்ணிக்கை தீர்மானிக்கிறது. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். அறுபத்தொன்று ஆகிவிட்டால் மூன்று. எண்ணிக்கை குறைந்தால் கடைசி ஆசிரியர் 'உபரி' ஆகி, ஆள் தேவைப்படும் வேறு பள்ளிக்குப் போக வேண்டும். அதற்குப் பணிநிரவல் என்று பெயர்.

நான் சொல்லும் பள்ளி அம்பாசமுத்திரத்திலிருந்து நகரப் பேருந்தில் இருபது நிமிடம். ஊர் பெயர் வேண்டாம். ஊரை வாய்க்கால் இரண்டாகப் பிரிக்கிறது. மேலே மேலத்தெரு, கீழே கீழத்தெரு. இரண்டுக்கும் நடுவில் வாய்க்கால் மட்டும்தானா ஓடுகிறது என்று நம் மாவட்டத்துக்காரர்கள் யாரும் கேட்க மாட்டார்கள். மேலத்தெருவில் வசதியுள்ளவர்களின் பிள்ளைகள் வேனில் ஆங்கிலப் பள்ளிக்குப் போய்விட்டார்கள். மீதி இருந்தவர்களும் கீழத்தெருப் பிள்ளைகளுமாக அறுபத்தைந்து பேர். தலைமையாசிரியர் ஆறுமுகம். அவருக்குக் கீழ் இரண்டு ஆசிரியைகள். கடைசியாக வந்தவர் செல்வராணி. ஒன்பது வருடம் சாத்தான்குளம் பக்கம் வேலை பார்த்துவிட்டு, மாவட்ட மாறுதலுக்கு ஒவ்வொரு கோடையிலும் விண்ணப்பித்து, கடைசியில் வீட்டுக்குப் பக்கத்தில் இந்தப் பள்ளியைப் பிடித்தவர். மகள் அந்த வருடம் பத்தாம் வகுப்பு. ஊர் வேறு என்றாலும் சாதியில் அவர் கீழத்தெருக்காரர்கள் பக்கம்.

ஜூலை தொடக்கத்தில் ஒரு நாள் சண்முகநாதன் என் அலுவலகத்துக்கு வந்தார். மேலத்தெருக்காரர், உரக்கடை வைத்திருக்கிறார், பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். சுற்றுச்சுவர் இடிந்து கிடப்பதைப் பற்றி மனு கொடுத்தார். வாங்கி வைத்தேன். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, ஒரு சந்தேகம். நம்ம பள்ளிக்கூடத்துக்கு மூணு டீச்சர்னு போட்டிருக்கே, அது என்ன கணக்கு?"

கணக்கைச் சொன்னேன்.

"அப்ப அறுபதுன்னா?"

"அறுபதுன்னா ரெண்டு. அறுபத்தொண்ணுன்னா மூணு."

"ஒத்தப் பிள்ளைலயா நிக்கி!"

"ஒத்தப் பிள்ளைலதான்."

"கொறஞ்சா யாரு போவாவ? பெரிய சாரா?"

"தலைமையாசிரியருக்கு ஒண்ணும் ஆகாது. கடைசியா வந்தவுகதான் போகணும்."

"பொறவு பிள்ளைக கூடிட்டா திரும்பி வந்துருவாவளோ?"

"எப்படி வருவாவ? அடுத்த ஆகஸ்ட்லதான் மறுபடி எண்ணுவோம்."

இதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் கேட்காத ஒன்றையும் நானாகவே சொன்னேன். டி.சி. வாங்கிய பிள்ளை இன்னொரு பள்ளியில் சேரும் வரை கணினியில் பொதுத் தொகுப்பு என்ற ஒன்றில் கிடக்கும். அங்கே கிடக்கும் பிள்ளை எந்தப் பள்ளிக் கணக்கிலும் வராது என்று விளக்கினேன். ஒரு தாளில் கட்டம் போட்டும் காட்டினேன். சண்முகநாதன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இவ்வளவு தெரிஞ்ச ஆளு நம்ம ஆபீஸ்ல இருக்கது எங்களுக்குப் பெருமல்லா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அன்று நான் மதியச் சாப்பாடு நன்றாகச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஆறுமுகம் படிவத்தைக் கொண்டுவந்தார். பதிவு ஐம்பத்தொன்பது. ஜூலை கடைசி வாரத்தில் ஆறு பேர் டி.சி. பெற்றிருந்தார்கள். காரணம் என்ற கட்டத்தில் ஆறு பேருக்கும் 'பெற்றோர் குடிபெயர்வு'. ஆறும் நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும். ஆறும் மேலத்தெரு முகவரி. இதையெல்லாம் நான் பார்த்தேன். பார்ப்பது என் வேலை. கூட்டல் சரியா என்று பார்த்தேன், அடித்தல் திருத்தல் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. "சுத்தமா எழுதியிருக்கீங்க" என்று ஆறுமுகத்தைப் பாராட்டவும் செய்தேன். மூன்றாவது பணியிடம் உபரி என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பக்கம் வேறு வேலையாகப் போனவன் பள்ளிக்குள் நுழைந்தேன். வயல்களில் நாற்று வாசனை. வகுப்பில் செல்வராணி நாலாம், ஐந்தாம் வகுப்புகளை ஒன்றாக உட்கார வைத்து நீள் வகுத்தல் நடத்திக்கொண்டிருந்தார். எந்த வகுப்பறையிலும் கரும்பலகையின் ஓரத்தில் பதிவு இத்தனை, வருகை இத்தனை என்று எழுதியிருக்கும். அங்கே பதிவு இருபத்து நான்கு, வருகை இருபத்து நான்கு என்று இருந்தது. பழக்க தோஷத்தில் தலைகளை எண்ணினேன். முப்பது.

மறுபடி எண்ணினேன். முப்பதுதான்.

"டீச்சர், போர்டுல இருபத்து நாலு போட்டிருக்கு. இங்க முப்பது இருக்கே."

"ஆமா சார். ஆறு பேருக்குப் பேரு இல்ல. பிள்ள இருக்கு" என்றார், சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைக்காமல்.

முன் வரிசையில் ஒரு சிறுமி எழுந்து நின்றாள். "சார், நாங்க டி.சி. வாங்கிட்டோம்" என்றாள், பரிசு வாங்கியதைச் சொல்வது போல.

"எதுக்கு வாங்குன?"

"எங்க வீட்ல குடிபெயந்துட்டாவன்னு எழுதியிருக்கு சார்."

"எங்க பெயர்ந்தீங்க?"

அவள் யோசித்தாள். "எங்கயும் இல்ல சார். அங்கனதான் இருக்கோம்." வாய்க்கால் பக்கம் கையை நீட்டினாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது. முப்பத்தைந்து வருடப் பணியில் பதிவேட்டில் இருந்தும் பள்ளியில் இல்லாத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதற்கு என்ன நடவடிக்கை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பள்ளியில் இருந்துகொண்டு பதிவேட்டில் இல்லாத பிள்ளைகளை அன்றுதான் பார்த்தேன்.

ஆறுமுகம் என்னை வராந்தாவின் கோடிக்கு அழைத்துப்போனார்.

"பையப் பேசுங்க சார். செப்டம்பர் கடைசில திரும்பச் சேத்துருவேன். அது வரைக்கும் பாடம் போயிரக் கூடாதுல்லா? அதான் உக்கார வச்சிருக்கேன்."

"பொய்க் காரணம் எழுதி டி.சி. குடுத்திருக்கீரே!"

"பெத்தவுக கேட்டா மறுக்காமக் குடுக்கணும்னு கூட்டத்துல சொன்னது யாரு சார்? நீங்கதான சொன்னிய. எனக்கு ரிட்டையராக எட்டு மாசம் இருக்கு. ஊரப் பகச்சிக்கிட்டு நான் எங்க சார் போவேன்?"

உணவு இடைவேளையில் செல்வராணி என்னிடம் ஓர் அலமாரியைத் திறந்து காட்டினார். உள்ளே எவர்சில்வர் தட்டுகள் அடுக்கியிருந்தன. அவர் வருவதற்கு முன் மேலத்தெருப் பிள்ளைகள் வீட்டிலிருந்து தட்டு கொண்டுவந்து, சத்துணவை வராந்தாவின் இடது பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டு, தட்டைக் கழுவாமல் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அரசாங்கத் தட்டு மற்றவர்களுக்கு. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் செல்வராணி எல்லாத் தட்டையும் இந்த அலமாரியில் வைக்கச் சொன்னார். மணி அடித்தால் கையில் எது வருகிறதோ அதில் சாப்பிட வேண்டியது, குழாயில் கழுவி அடுக்க வேண்டியது.

நம் வீட்டுப் பாத்திரங்களில் பெயர் வெட்டியிருக்கும் அல்லவா? ஒரு நாள் சண்முகநாதன் பேத்தி கொண்டுவந்த தட்டு கீழத்தெருப் பிள்ளை ஒன்றின் கைக்குப் போயிருக்கிறது. அந்தத் தட்டில் சண்முகநாதனுடைய அப்பாவின் பெயர் வெட்டியிருந்தது.

"அன்னைக்குச் சாயங்காலமே வந்தாரு சார். சத்தமே போடல. 'எங்கப்பா பேர எச்சப் பண்ணிட்டியளே டீச்சர்'ன்னாரு. 'கழுவிட்டோம், இன்னும் பளபளன்னு இருக்காரு'ன்னேன். நான் அதச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனா சொல்லாம இருக்க முடியல."

"இந்த ஆறு பேராலதான் உங்க வேலை இங்க போகுதுன்னு தெரியுமா?"

"ஏன் தெரியாது? அறுபத்தஞ்சுல ஆறு போனா எத்தனன்னு ரெண்டாங் கிளாஸ்லயே நடத்துதோமே."

"தெரிஞ்சும் அவங்களுக்குப் பாடம் எடுக்கீங்க?"

அவர் என்னை ஒரு விநோதப் பிராணியைப் பார்ப்பது போல் பார்த்தார். "பிள்ள வந்து முன்னால உக்காந்துருக்கு சார். எந்திரின்னு சொல்லவா?"

வண்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பாலத்துக்கு வந்தபோது சண்முகநாதன் எதிரில் வந்தார். நிறுத்தினேன். நான் வாயைத் திறக்குமுன் அவரே அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க அன்னைக்குச் சொன்ன மாதிரியே முடிச்சிட்டோம் அண்ணாச்சி. அஞ்சு போதும், இருந்தாலும் புதுசா ஒரு பிள்ள சேந்துட்டா கணக்குக் கெட்டுருமேன்னு ஆறா வச்சோம். ஒரு தெருவே வெளிய போனா பேப்பர்ல வந்துரும், கலெக்டர் வருவாரு. ஆறு பேரு போனா யாரு கேப்பா?" பிறகு என் நெற்றித் திருநீற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நம்ம ஆளு நீங்க இருக்கப்போயி ஆச்சு. வெளிப்படையாச் சொல்ல முடியாதுல்லா, அதான் கட்டம் போட்டுக் காட்டுனியன்னு வீட்ல சொன்னேன்."

வண்டியை ஸ்டாண்டில் போட்டேன். பாலத்தின் கைப்பிடிச் சுவரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். "தண்ணி குடிக்கியளா அண்ணாச்சி?" என்று அக்கறையாகக் கேட்டார் அவர். நான் தட்டு விஷயம் எதையும் அறியாமல் சொன்னேன் என்று அவரிடம் சொன்னேன். நம்பவில்லை. சிரித்தார். அவரைப் பொறுத்தவரை நான் சாதிக்குச் செய்ய வேண்டியதைச் சட்டத்துக்குள் நின்று செய்த கெட்டிக்காரன்.

அன்று மாலையே ஆய்வுக் குறிப்பு எழுதினேன். பதிவு ஐம்பத்தொன்பது, நேரில் அறுபத்தைந்து, மாற்றுச் சான்றிதழ்களில் காரணம் பொய், உபரி முடிவை மறுபரிசீலனை செய்யலாம். இரண்டரைப் பக்கம். ஒவ்வொரு வரிக்கும் அடியில் ஓர் அரசாணை இருந்தது. கட்டம் போட்ட தாளைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை.

மாவட்ட அதிகாரியிடம் நானே கொண்டுபோனேன். அவர் அதட்டிப் பேசி யாரும் கேட்டதில்லை. கோப்பைக் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் படிப்பார். படித்து முடித்ததும் மூடி, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, நம்மிடம் மன்னிப்புக் கேட்பது போன்ற குரலில் பேசுவார். கை கோப்பின்மேல் இருக்கும் வரை அது நகராது என்று பொருள்.

"நல்லா எழுதியிருக்கீங்க. நீங்க எண்ணுனது என்னைக்கு?"

"நேத்து சார்."

"எனக்கு வேண்டியது ஒண்ணாந் தேதி. ஒண்ணாந் தேதி எத்தன?"

"பதிவுல ஐம்பத்தொன்பது சார். ஆனா..."

"அதுல கையெழுத்துப் போட்டது?"

"நான்தான் சார்."

தலையசைத்தார். "சரி, இத மேல அனுப்புதேன்னு வைங்க. முதல் மெமோ யாருக்குப் போவும்? தலைமையாசிரியருக்கு. ரெண்டாவது? பதிவுல பேரே இல்லாத பிள்ளைகள வகுப்புல உக்கார வச்சிருந்த டீச்சருக்கு. ஒரு பிள்ளைக்குக் கீழ விழுந்து அடிபட்டிருந்தா யாரு பொறுப்பு? கேள்வி வரும்லா? போஸ்ட்டும் போவும், மெமோவும் வரும். உங்களுக்குத் தெரியாத விதியா?" உள்ளங்கையை எடுத்து, கோப்பை என் பக்கம் ஓர் அங்குலம் தள்ளினார். "நீங்களே பாத்துக்கிடுங்க."

எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த டீச்சரைக் காப்பாற்றத்தான் எடுத்துக்கொண்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விசாரணை என்று வந்தால் சண்முகநாதன் அந்தக் கட்டம் போட்ட தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுப்பார் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டில் எது பெரிய காரணம் என்று கேட்டால், இன்றைக்கும் நேராகப் பதில் சொல்ல வராது.

பணிநிரவல் கலந்தாய்வு செப்டம்பரில் நடந்தது. காலியிடங்கள் ஐந்து. எல்லாம் தூரம். செல்வராணி மலையடிவாரத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். இரண்டு பேருந்து மாற வேண்டும், மகள் பள்ளி விட்டு வரும்போது வீட்டில் ஆள் இருக்காது. ஆணையில் கையெழுத்துப் போட்டுவிட்டு என் மேசைக்கு வந்தார். நான் குறிப்பு எழுதியதையும், அது போயிருந்தால் அவருக்கு மெமோ வந்திருக்கும் என்பதையும், அதனால் திரும்ப எடுத்துக்கொண்டதையும் சொன்னேன். அவரிடமிருந்து ஒரு நன்றியை எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

"மெமோ வந்தா வரட்டுமான்னு நீங்க என்ட்ட ஒரு வார்த்த கேக்கலியே சார்" என்றார்.

பிறகு பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து வைத்தார். "அந்த ஆறு பிள்ளைகளும் எது வரைக்கும் படிச்சிருக்குன்னு எழுதியிருக்கேன். பேரு இல்லாததால பதிவேட்டுல எழுத முடியல. அடுத்த டீச்சர்ட்டக் குடுக்கலாம்னா, அப்படி ஒருத்தர் இனிம வரப் போறது இல்ல. நீங்களே வச்சுக்கோங்க. எண்ணுனது நீங்கதான?"

செப்டம்பர் கடைசியில் ஆறு பேரும் முறைப்படி மறுபடி சேர்ந்தார்கள். அறுபத்தைந்து பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியர். தட்டுகள் வீடுகளுக்குத் திரும்பின. அடுத்த ஆகஸ்டில் மூன்றாவது பணியிடம் சட்டப்படி திரும்பி வந்தது, ஊருக்குப் பிடித்த ஒருவரும் வந்தார். என் கோப்புகளில் எங்கும் பிழை இல்லை.

மகேஷை மறுநாள் நானே அழைத்தேன்.

"நாலு வீட்டுக்கும் இன்னைக்கே நேர்ல போங்க. குடி பெயந்திருக்கா பாருங்க. பெயரலன்னா, காரணம் பொய்னு எழுதி டி.சி.ய நிறுத்துங்க. எல்லாம் ஒண்ணாந் தேதிக்கு முன்னால. அதுக்குப் பொறவு நீங்க தலைகீழா நின்னாலும் நடக்காது."

"சரி சார்."

"இன்னொண்ணு. டி.சி. கேக்கதுக்கு முன்னால, எத்தன பிள்ளை கொறஞ்சா போஸ்ட் போவும்னு யாராவது வந்து உங்கள்ட்ட கேட்டாவளா?"

"போன மாசம் ஊர்க்காரர் ஒருத்தர் வந்தாரு சார். சும்மா தெரிஞ்சிக்கிடத்தான்னாரு."

"சொன்னீங்களா?"

"சொன்னேன் சார். நீங்க எனக்குச் சொல்லித்தந்த மாதிரியே, கட்டம் போட்டு."

"சார்? சார்?" என்றார். பிறகு என்ன புரிந்துகொண்டாரோ, "இப்பவே கிளம்புதேன் சார்" என்று வைத்துவிட்டார்.

நான் பீரோவைத் திறந்து செல்வராணி தந்த தாளை எடுத்தேன். அதற்குக் கோப்பு எண் இல்லை. வகுப்பில் எழுந்து நின்று 'அங்கனதான் இருக்கோம்' என்ற சிறுமியின் பெயர் அதில் ஆறாவதாக இருக்கிறது. அவள்தான் சண்முகநாதனின் பேத்தி என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. செல்வராணியின் கையெழுத்து, குண்டு குண்டாக, கரும்பலகையில் எழுதுவது போலவே:

'உமா, நான்காம் வகுப்பு. வாசிப்பு நன்று. வகுத்தலில் மீதி வந்தால் பயப்படுகிறாள், பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும். சாப்பிட்டதும் கைக்குக் கிடைக்கும் தட்டுகளை எல்லாம் தானே கழுவி அடுக்குவாள். எதில் யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பதில்லை.'